கொள்ளாம்

மலையம்மாள் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தது 1976 சித்திரையில். சுருளிப்பட்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் மெஷினில் விரல் வைத்ததில்லை.

"தட்டித் தட்டி என்னத்தக் கண்ட? எங்கண்ணன் மகன் முத்துவீரன் ஒனக்காகத்தான் காத்துக் கெடக்கான்," என்றாள் தாய் சங்கிலியம்மாள். முத்துவீரன் கேரளத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவன். முறை மாப்பிள்ளை.

தகப்பன் பேச்சிமுத்து நடுவே ஒரு கோடு போட்டார். குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட் தேடுகிறார்கள். எடுத்தால் வேலை. எடுக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம்.

மேனேஜர் மலையாளி. அவள் அடித்த கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கொள்ளாம்," என்றார்.

மூட்டை கூடினால் வண்டி கொள்ளாது என்பார்கள் ஊரில். இடமில்லை என்று பொருள். அவளுக்குக் காது அடைத்துவிட்டது. அவர் மேற்கொண்டு சொன்னது எதுவும் ஏறவில்லை.

வெளியே நின்ற தகப்பனிடம், "எடமில்லைன்னுட்டாகப்பா," என்றாள். பேச்சிமுத்துவுக்கு மலையாளம் தெரியும். மகள் சொன்னதோ தமிழ்.

பஸ் மலை இறங்கும் வரை கடிதத்தை மனசுக்குள் மறுபடி அடித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பிறகு ஏன்?

அடுத்த வெள்ளிக்கிழமை பரிசம் என்று முடிவானது. இரண்டு நாள் முன்னதாக, சேலை என்ன நிறம் என்று கேட்க முத்துவீரன் வந்தான்.

"என்ன டைப்பிஸ்டம்மா, ஏறுன வேகத்துல எறங்கிட்டீகளாம்? என்ன சொல்லி வெரட்டுனாக?"

"கொள்ளாம்னாக."

அவன் வெடித்துச் சிரித்தான். "கூறுகெட்ட கழுத! கொள்ளாம்னா நல்லாருக்குன்னு அர்த்தம்!"

சிரிப்பு பாதியில் நின்றது. சங்கிலியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்னைய எடுத்துட்டாகளா மச்சான்?"

"நல்லாருக்குன்னா நல்லாருக்கு. எடுத்தேன்னு ஆகுமா? எனக்கென்ன தெரியும்?"

"ஒன் வாயிலயே மண்ணப் போட்டுக்கிட்டியேடா," என்றாள் சங்கிலியம்மாள்.

எடுத்தார்களா, இல்லையா? மலையம்மாளுக்கு எதுவும் விளங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் தகப்பனோடு போனாள். மேனேஜர் காலண்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போன திங்கட்கிழமையே வரச் சொன்னேனே என்றார். மெஷின் முன்னால் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது.

அதில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தாள். முத்துவீரன் மூன்று வருடம் காத்திருந்து, வேலையை விடச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அவளைக் கட்டிக்கொண்டான்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அன்றைக்கு அவன் வாய் தவறிச் சொன்னானா, தெரிந்தே சொன்னானா? கேட்டால், "வாய் தவறித்தான்," என்பான். அடுத்த மாதம் கேட்டால், "தெரியாமயா சொல்வேன்?" என்பான். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் குனிந்து கேட்டாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இப்போது பிள்ளைகளைக் கேட்கிறாள். அவர்களுக்கும் தெரியவில்லை.