தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் பெர்மிட்

கும்பகோணத்தில் விடிந்ததும் வாசலில் விழும் செய்தித்தாள், மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்து சேரும். எண்பதுகளில் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு அதுவே விநோதம். மற்றவர்கள் யாரும் அதற்காகத் தவித்ததாகத் தெரியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பெரிய மனிதர் யாராவது வந்து மாலை போட்டுக்கொண்டால்தான் எங்கள் தோட்டம் பேப்பரில் வரும்.

அந்த மாலைகளைப் பற்றி எழுதுபவர் ஈப்போ நிருபர் மாணிக்கம். மோட்டார் சைக்கிளில் வருவார், பேசியவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை, பால்மரம் சீவும் சரோஜா அவரை நிறுத்தி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் குழாயில் பல நாளாகத் தண்ணீர் இல்லை என்றாள்.

"அதெல்லாம் செய்தி இல்லம்மா" என்றார்.

சரோஜாவுக்குச் சுருக்கென்றது. தோட்டப் பள்ளியில் பரீட்சைத் தாள் உருட்டும் சைக்ளோஸ்டைல் இயந்திரம் இருந்தது. தலைமையாசிரியரைக் கேட்டு வாங்கினோம். அவள் சொல்லச் சொல்ல நான் ஸ்டென்சிலில் எழுதினேன்: "மாலை வாங்க வந்தவர்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். போட்டவர்கள் குளிக்கவில்லை." தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மானேஜர் கண்ணில் பட்டால் வேலை போய்விடுமே!

தாள் பஸ் ஏறி ஈப்போ மார்க்கெட் வரை போயிற்று. மாணிக்கம் கொதித்துப்போய் வந்தார்.

"யாரு எழுதுனது? தாள் போட பெர்மிட் இருக்கா?"

"தண்ணி வரலன்னு சொல்றதுக்கும் பெர்மிட்டாண்ணே?" என்றாள் சரோஜா. "உக்காருங்க லா. தேத்தண்ணி கலக்கலாம்னா தண்ணிதான் இல்ல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழாயைத் திருகினார், காற்று வந்தது. பிறகு பேப்பரில் செய்தி வந்தது, குழாயைச் சரிசெய்தார்கள், என் கணவரின் வேலையும் தப்பியது. "எமது நிருபரின் முயற்சியால்" என்று போட்டிருந்தார்கள். எங்கள் அடுத்த தாளில் சரோஜா சொன்னபடி எழுதினேன்: "தண்ணீர் வந்தது. நிருபரும் வந்தார்."

இன்று ஆளாளுக்கு வலைப்பதிவில் செய்தி எழுதுகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் அதைப் பின்தொடர்ந்து ஓடுகிறார்கள் என்று என் மகன் வியக்கிறான். எனக்கென்னவோ மாணிக்கத்தின் மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது.

அப்போதே அந்த இரண்டாவது தாளைக் கும்பகோணத்திலிருந்த என் தம்பிக்கு அனுப்பினேன். "நம் தெருவிலும் தண்ணீர் இல்லை. இதையும் போடு அக்கா" என்று எழுதினான். போட்டோம். அடுத்த கடிதத்தில், "உங்கள் ஊரில் இப்போது தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டிருந்தான். அதைப் படித்துக்கொண்டே லயத்துப் பக்கம் நடந்தேன். பால் வாளியோடு எதிரே வந்த சரோஜா நின்றாள்.

"அக்கா, நம்ம கும்பகோணத்துல தண்ணி வந்துருச்சா?"