பொன்னுரங்கத்தின் கைராசி

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில், மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில், டாக்டரும் பெற்ற பிள்ளைகளும் கைவிட்ட பிறகு பொன்னுரங்கத்தைக் கூப்பிடுவார்கள். வயதானவர் யாராவது உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பார். மண்ணாசையாக இருக்கும் என்று வயல் மண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்ப்பார்கள். பொன்னாசை என்று காசைக் கழுவிய தண்ணீரை ஊற்றுவார்கள். அதற்கும் மசியாத உயிருக்குப் பொன்னுரங்கம் வந்து நாலு சொட்டுப் பால் விட வேண்டும். அவன் கை பட்டால் அலுங்காமல் பிரிந்துவிடுமாம். சில உயிர்கள் அப்படிப் பிரியவும் செய்தன. அடுத்த வாரம் பிரிந்தவையும் அவன் பேரில்தான் சேர்ந்தன.

இந்தக் கைராசி அவன் சம்பாதித்தது அல்ல, வம்சத்தில் வந்தது. அவன் அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து போனார். சித்தப்பா தேர் வடத்தைப் பிடித்த கையோடு போனார். தாத்தாவும் அப்படித்தான், களத்து மேட்டில். ஒருவர்கூடப் பாயில் படுத்துக் கிடந்ததில்லை. சாவு என்றால் அவர்கள் வீட்டுச் சாவு மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். அந்த வீட்டில் தலை நரைத்த ஆம்பளை ஒருவரும் இருந்ததில்லை என்பது மட்டும் யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. புகழ்ச்சி கிடைக்கும் இடத்தில் வயதைக் கணக்குப் பார்ப்பவர் யார்?

பொன்னுரங்கத்துக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பைக்கில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போக ஆள் வரும்வரை வாசலில் நிற்பான். மற்ற நாட்களில் அவன் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும் ஒரு ஏக்கர் மக்காச்சோளமும் வைத்திருக்கும் சாதாரண ஆள். மனைவி அம்சவள்ளி, ஒரே மகள் ரம்யா. குச்சி போல இருக்கும் ரம்யா பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தாள்.

போன ஆண்டு கிழங்கு மூட்டை ஏற்றும்போது அவனுக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. வேர்த்துக் கொட்டியது. உட்கார்ந்தான், சரியாகிவிட்டது. வம்ச வழக்கப்படி போய்ச் சேராமல் இப்படிப் பாதியில் நின்றது அவனுக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. அம்சவள்ளி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் அவன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு அவனுக்குக் கயிறு போலத் தடித்திருக்கும். உழைத்த கால் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க அப்பாவுக்கும் இப்படி இருந்துச்சா?"

"எங்க வூட்ல எல்லாருக்கும் இப்டித்தாங்க."

"அப்பா எப்படி இறந்தாரு?"

பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பா, சித்தப்பா, தாத்தா மூவரின் சாவையும் ஊரில் சொல்கிற அதே ருசியோடு சொன்னான். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். குழந்தை இருக்கிறதா, உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

ரம்யாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு, இருக்க வேண்டியதைப் போல இரண்டு பங்குக்கு மேல் இருந்தது.

"அவளே எலும்பும் தோலுமா கீறா. அவளுக்கு எங்கேர்ந்துங்க கொழுப்பு?" என்றாள் அம்சவள்ளி.

"இது சாப்பாட்டுல வர்றது இல்லம்மா, பிறக்கும்போதே வர்றது. ரத்தத்துல இருக்கிற கொழுப்பை ஈரல்தான் எடுத்து வெளியே தள்ளணும். இவங்க வம்சத்துல அந்த வேலை சரியா நடக்கல. அது ரத்தக்குழாய் சுவத்துலயும், இவரு குதிகால் நரம்புலயும் போய்ப் படியுது." டாக்டரம்மா திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். "இது கழுத்துல இருக்கிற குழாய். இந்த வயசுல சுவரு இவ்வளவு தடிப்பா இருக்கக்கூடாது. ஆனா பயப்படாதீங்க. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா பெரும்பாலும் மேல ஏறாம நிறுத்திடலாம். நீங்களும் போடணும். உங்க சித்தப்பா பிள்ளைங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

பொன்னுரங்கம் தலையாட்டினான். தலையாட்டியதோடு சரி.

சித்தப்பாவின் மகன் தமிழழகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். சித்தப்பாவின் மனைவி பெரியநாயகி இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள். தினமும் பார்ப்பான், பேசுவான். சொல்ல வாய் வராது. சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். தினம் மாத்திரை போடுகிற பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்? அவன் கைராசிதான் என்ன ஆகும்? ரம்யா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டாள். யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்ல அம்சவள்ளி பழக்கிவைத்திருந்தாள். பால் விடக் கூப்பிட ஆள் வந்தால் பொன்னுரங்கம் இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டான். அவனுக்குப் பயம். அடுத்தவன் சாவை இனி அவனால் பார்க்க முடியவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது மேலத்தெரு வீரமுத்து படுக்கையில் விழுந்தார். நல்ல வசதியான மனிதர், நாலு மகன்கள். மண்ணும் காசும் ஊற்றியாயிற்று. அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அன்று பொன்னுரங்கம் மக்காச்சோளம் விற்கச் சின்னசேலம் போயிருந்தான். திரும்பி வந்தபோது அம்சவள்ளி வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பாப்பாவ இட்டுகினு போய்ட்டாங்க. அப்பன் இல்லன்னா இன்னா, அதே ரத்தந்தானேன்னு சொல்லி, வீரமுத்து மவன் தீனதயாளன் வந்தாரு. நான் வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல."

ஓடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவன் ஓடினான்.

கூடம் நிறைய ஜனம். கட்டிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு ரம்யா நின்றிருந்தாள். ஒரு கையில் பால் டம்ளர், இன்னொரு கையில் ஸ்பூன். அவள் விட்ட பால் வீரமுத்துவின் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ, "ராசியான கை, பயப்படாம வுடு பாப்பா" என்று தைரியம் சொன்னார்கள்.

பொன்னுரங்கம் டம்ளரைப் பிடுங்கினான்.

"இன்னா மாமா இது? நல்ல காரியத்துல..." என்றான் தீனதயாளன்.

"ராசியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எங்க வூட்ல இருக்கறது வியாதி. ரத்தத்துல கொழுப்பு. எங்க அப்பன் அதுல செத்தாரு, சித்தப்பன் அதுல செத்தாரு. எனக்கும் கீது. எம் பொண்ணுக்கும் கீது. தினம் மாத்திரை போட்டுகினு கீறா. அவ கெழவியாகி, நோவுல கெடந்து, இந்த மாதிரி இழுத்துகினுதான் சாவணும். அதுக்குத்தான் நான் ஆஸ்பத்திரிக்கு அலையறேன்."

கட்டிலில் வீரமுத்து தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பொம்பளைகள் பக்கத்திலிருந்து பெரியநாயகி எழுந்து வந்தாள்.

"மாத்திரை இருக்குதா அதுக்கு?"

"இருக்குது சின்னம்மா."

"அப்பவே போட்டிருந்தா உங்க சித்தப்பா இருந்திருப்பாரா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"இருந்திருப்பாரு, சின்னம்மா."

பெரியநாயகி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கொடுத்து வச்ச சாவு, அழக் கூடாதுன்னு சொல்லி அன்னிக்கு என் வாயப் பொத்தினீங்களே" என்றாள். பிறகு வாய்விட்டு, தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் உயிரோடு இருக்கும் வீரமுத்துவின் வீட்டில் இப்படி அழுவது அபசகுனம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவளைப் பிடிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அழுகை நடுவிலேயே அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பொன்னுரங்கத்திடம் நீட்டினாள்.

"எனக்குக் கண்ணு தெரியல. தமிழழகனுக்குப் போடு. இன்னிக்கே பஸ் ஏறச் சொல்லு."