வெறுந்தட்டு வாங்காத லூர்து அக்கா

கிள்ளான் ஸ்டேஷனுக்கு நான் அன்று போனது ஒரு தட்டைத் திருப்பி அனுப்பத்தான். நீல விளிம்பு வைத்த பழைய பீங்கான் தட்டு. விளிம்பில் சின்னதாக ஓர் உடைசல். ரேஷன் அரிசியை இடித்து, ஜப்பான்காரன் வந்ததற்குப் பிறகு முதன்முறையாக முறுக்குப் பிழிந்து, தட்டு நிறைய அடுக்கித் துணி கட்டியிருந்தேன். கோலாலம்பூர் போகும் வண்டியின் கார்டு எங்களுக்குப் பழக்கமானவர். நான் முன்பு குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் அவர் வீடும் இருந்தது. "லூர்து அக்காகிட்ட குடுத்துடுங்க தம்பி" என்று நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. "இனி யாருகிட்ட குடுக்குறது டீச்சர்? அக்கா நேத்து சாயங்காலம் போயிட்டாங்க. இன்னிக்கு அடக்கம்" என்றார்.

அந்த வண்டியிலேயே ஏறிவிட்டேன். தட்டு மடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவி, நான் அழுவதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸில் அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய பீங்கான் பைத்தியத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றலாகிப் போகும் வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் கழித்துக் கட்டியது, பழைய சாமான் வாங்கும் சீனரின் கூடையில் கிடந்தது என்று எதையும் விடமாட்டார். மூடி போன தேநீர்க் குவளை, கப்பல் படம் போட்ட பிஸ்கட் டின், ஜாம் போத்தல், மைக்கூடு எல்லாம் அவருக்கு வேண்டும். ஒரு தட்டுக்கு இன்னொரு தட்டு சோடி சேராது. "முழு செட்டு வெச்சிருக்கவங்க அலமாரியில பூட்டி வெப்பாங்க. இதுங்களை எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம்" என்பார். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டுக் கூடத்து மேசையைப் பார்க்க வேண்டும். மைக்கூட்டில் செம்பருத்தி, ஜாம் போத்தலில் மெழுகுவர்த்தி, டின்னில் எண்ணெயில் பொரித்த இனிப்புக் கல்கல், ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பலகாரம். நாங்கள் சைவக்காரர்கள் என்பதால் எங்களுக்குத் தனியாக ஒரு மூலை உண்டு.

மாலையில் அந்தத் தட்டுகள் அப்படியே எங்கள் வீடுகளுக்கு வரும். பலகாரம் வந்த தட்டை நாம் யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லையே. பாய் வீட்டிலிருந்து அல்வா, எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு, கார்டு வீட்டிலிருந்து அதிரசம் என்று ஜனவரி முதல் தேதி வருஷப் பிறப்புக்கு முன் தட்டுகளெல்லாம் நிறைந்து திரும்பும். கிறிஸ்துமஸ் மேசை அவர் நிரப்புவது. வருஷப் பிறப்பு மேசை நாங்கள் நிரப்புவது. எவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அல்ல, வழக்கமாகிவிட்டது.

ஜப்பான்காரன் காலத்து முதல் கிறிஸ்துமஸுக்கு மரவள்ளிக்கிழங்கை மசித்து, செம்பனை எண்ணெயில் சுட்டு, அதையும் அதே தட்டுகளில் வைத்து அனுப்பினார். வருஷம் பிறந்தது. ஒரு தட்டும் திரும்பவில்லை. எங்களிடம் நிரப்ப என்ன இருந்தது? வெறுந்தட்டைக் கொண்டுபோக வெட்கப்பட்டு அவர் வாசலையே சுற்றிக்கொண்டு போனோம். அவரோ நாங்கள் தட்டுகளை அரிசிக்கு மாற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். புயல் மாதிரி என் வீட்டுக்கு வந்தார்.

"என் தட்டு எங்கடி?"

"இருக்குக்கா. எதைப் போட்டுக் குடுக்குறதுன்னுதான்..."

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். பிறகு பொரிந்து தள்ளினார். "கொல்லையில கீரை இல்லையா? பூ இல்லையா? ஒண்ணுமே இல்லேன்னா தண்ணி ஊத்திக் கொண்டாயேன்! வெறுந்தட்டுதான் வேணாம்னேன், உங்களை வேணாம்னா சொன்னேன்?"

அப்படியே கொண்டுபோனோம். முருங்கைக்கீரை, ஒரு பிடி உப்பு, நாலு மிளகாய், அடுப்புக்கரி. என் தட்டில் தண்ணீரும் ஒரு நந்தியாவட்டையும். அவற்றையும் பலகாரம் மாதிரி மேசையில் பரப்பி வைத்தார். அவர் கணவர் சவரிமுத்து அண்ணன் என் தட்டை எடுத்து, பூவை ஒதுக்கிவிட்டுக் குடித்து, "பாயசம் பிரமாதம் டீச்சர், இனிப்பு மட்டும் கொஞ்சம் கம்மிலா" என்றார். பசித்த வயிற்றோடு எல்லாரும் சிரித்தோம்.

அந்த அண்ணனைத்தான் அடுத்த வருஷம் சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். அக்கா கப்பல் டின்னில் மரவள்ளி வறுவல் நிரப்பி அவர் கையில் கொடுத்து, "டின்னு பத்திரம். வெறுமையா கொண்டாந்தீங்க, வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று மிரட்டினார். லோரி கிளம்பிப் போன பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேசை போட்டார். நடுவில் டின் இருந்த இடத்தைக் காலியாக விடுவார். கால் வீங்கி நடக்க முடியாமல் போனபோதும், சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டுகளைத் துடைத்தார். "மேசையை நிறுத்திட்டா அவரு வரமாட்டாருன்னு ஆயிடும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பிழைப்புக்காக நான் கிள்ளானில் என் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு கார்டு மூலமாகத்தான் சேதி வரும். சண்டை முடிந்து, இந்தத் தீபாவளிக்கு முதல் நாள், நீல விளிம்புத் தட்டில் வெள்ளை அரிசி வந்தது. ஒரு பிடிதான். கூடவே ஒரு சேதியும்: "தட்டைத் திருப்ப வேண்டாமாம் டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. என்ன கோபம், நான் என்ன செய்துவிட்டேன் என்று புலம்பினேன். ஆனால் அரிசியைப் பார்த்ததும் கோபம் ஆறிப்போனது. கிழங்கு கலக்காமல் வடித்து எல்லாரும் ஆளுக்கு இரண்டு வாய் சாப்பிட்டோம். எவ்வளவு ருசி! திருப்ப வேண்டாமாமே, பார்க்கிறேன் என்றுதான் பிறகு முறுக்குப் பிழிந்தேன்.

அடக்கத்துக்கு நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். எல்லாரும் போன பிறகு நான் கூடத்தில் தனியாக நின்றேன். மேசையில் ஒரு தட்டும் இல்லை. நடுவில், துருப்பிடித்து, மூடி நசுங்கி, அந்தக் கப்பல் டின் இருந்தது. வாசலில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண். சாலாக் செலாத்தான் ஊர்க்காரர் மாணிக்கம், சயாமில் அண்ணனோடு ஒரே கொட்டகையில் படுத்தவர்.

"அண்ணன் போன வருஷமே போயிட்டாரு டீச்சர். காய்ச்சல். வெறும் டின்னைக் குடுக்காத, அவ திட்டுவான்னு சொல்லித்தான் கையில குடுத்தாரு. சண்டை முடிஞ்சு முகாம்ல குடுத்த அரிசியை அதுல போட்டுக் கொண்டாந்தேன். தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்."

அக்கா டின்னை வாங்கித் திறந்து பார்த்தாராம். அழவில்லையாம். "சாப்பிட்டுட்டுத்தான் போனாரா?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஆமான்னு சொன்னேன்" என்றார் மாணிக்கம். "பொய்தான்."

பிறகு அக்கா தட்டுகளையெல்லாம் இறக்கி, அரிசியைப் பிடி பிடியாகப் பங்கு போட்டிருக்கிறார். இவர் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்குக் கொஞ்சம் வையுங்கக்கா" என்றிருக்கிறார். "இது அவரு அனுப்புன பலகாரம். நான் எடுத்தா தட்டு குறையும்" என்றாராம். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். "தீபாவளி நேரம். விஷயம் தெரிஞ்சா அவங்களுக்குச் சோறு தொண்டையில எறங்காது. தட்டு திரும்பி வந்தா நான் மேசை போடணும். இனிமே யாருக்குடா போடுறது?"

அவர் எண்ணியது நடந்தது. எங்களுக்குச் சோறு இறங்கியது. துக்க வீட்டு அரிசியை மத்தாப்பு இல்லாத தீபாவளிக்கு வடித்து, ருசி பேசிச் சாப்பிட்டோம். அதை அனுப்பியவர் பட்டினி கிடந்து, இருபத்தைந்து வீட்டுக்குக் கேட்கும் குரலை அடக்கிக்கொண்டு, ஒரு மாதத்தில் போய்விட்டார். இதை நினைத்தால் எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வருகிறது. நாங்கள் அழ மாட்டோமா அக்கா? உங்களோடு உட்கார்ந்து பட்டினி கிடக்க மாட்டோமா?

முறுக்குத் தட்டை டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். பலகாரத்தை எடுத்துக்கொண்டு தட்டை என் கையில் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. முறுக்கை மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டு, தட்டையும் டின்னையும் என்னோடு கிள்ளானுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிடுவார்கள். அதனால் இந்த வருஷப் பிறப்புக்கு மேசை என் வீட்டில். உங்களிடம் உள்ள அக்காவின் தட்டுகளைக் கொண்டு வாருங்கள். கீரையோ உப்போ எதுவானாலும் சரி. ஒன்றுமே இல்லாவிட்டால் தண்ணீர். திருப்ப வேண்டாம் என்று அவர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் நான் கேட்கப்போவதில்லை. நடுவில் கப்பல் டின் இருக்கும். அதில் நான் அரிசி போட்டு வைத்திருக்கிறேன்.