குறுக்கே நின்ற மஞ்சள் பலகை

சென்னையில் பூமிக்கடியில் ஓடும் ரயிலின் நிலையங்களுக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைப்பது என் பிழைப்பு. தரைக்கு மேலே வழி தவறினால் வெயிலைப் பார்த்துத் திசை பிடிக்கலாம், டீக்கடையில் கேட்கலாம். கீழே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெளிச்சம், ஒரே டைல்ஸ். அங்கே பலகையை விட்டால் வேறு கதி இல்லை. இதைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் போதும், அவர்கள் காது புளித்துப்போகும்வரை பேசுவேன்.

அப்பேர்ப்பட்ட நான்தான் போன மாதம் சொந்த அக்காவைச் சுரங்க நிலையத்தில் தொலைத்தேன்.

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவள். வலிதான் இல்லையே என்று மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. சேந்தமங்கலத்து டாக்டர்தான் பயந்து சென்னைக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரயில் மாற வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். "பின்னாலயே வாக்கா" என்றுவிட்டு, பேசிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தேன். திரும்பினால் ஆளைக் காணோம்.

எங்கெங்கோ தேடிக் கடைசியில் வேறொரு வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் கண்டேன். பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! "அத்தாம்பெரிய எழுத்துல போட்டிருக்கு, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவள் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுபடி கூட்டிப்போக இந்த வாரம் மலையில் அவள் இருக்கும் திண்ணனூர் நாட்டுக்கு வந்தேன். "எனக்கு ஒண்ணுமில்ல சாமி, உடு" என்கிறாள். கட்டி பெரிதாகியிருக்கிறது என்று அவள் புருஷன், மாமா, என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. ஆனால் எனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேற்று காலை மிளகுக் காட்டுக்குக் கிளம்பினோம். மாமா யாரிடமோ பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அக்கா ஒரு கொத்துத் தழையை ஒடித்து, நாங்கள் போகாத பாதையின் குறுக்கே போட்டாள். முன்னால் போகிறவர்கள் இப்படி மற்ற வழியை அடைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துச் சரியான வழியில் வருவார்.

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, அன்னிக்கு ஸ்டேஷன்ல ஏன் அந்தப் பக்கம் போன?"

"ரெண்டாப் பிரிஞ்ச எடத்துல, ஒரு பக்கம் குறுக்கால மஞ்சப் பலகை நின்னுச்சு கண்ணு. அந்த வழி வேண்டாம்னு சொல்லி நீதான் வெச்சிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

தரை துடைப்பவர்கள், ஈரம் வழுக்கும் என்று நிறுத்தி வைக்கிற பலகை அது! அதைத் தாண்டித்தான் நான் போனேன்.

"மேல தொங்கினத நீ படிக்கலையா?"

"படிச்சேன். அது ஊருக்கெல்லாம் எழுதினது. இது எனக்குன்னு நீ வெச்சதுன்னு இருந்தேன்."

அடப்பாவி, இவளையா நடுரோட்டில் நிறுத்திக் கத்தினேன்! "தப்பு என்மேலதான்க்கா. மன்னிச்சிரு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துடு அக்கா" என்றேன்.

அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"வாரேன் சாமி, அழுவாத. ஆனா மாமா என்னக் கூட்டிட்டு வரட்டும். அவரு திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நடப்பாரு."