நாற்பதுக்கு நாற்பது

போன வாரம் வெள்ளவத்தையில் ஒழுங்கை முனைச் சலூனுக்கு முடி வெட்டப் போயிருந்தேன். (வெட்ட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடாது.) டிவியில் டென்னிஸ் போனது. ஹட்டன் பக்கத்துத் தம்பி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பதினஞ்சு, முப்பதுன்னா அடுத்து நாப்பத்தஞ்சுதானேண்ணே வரணும்? ஏன் நாப்பதுங்கிறாங்க?"

இதே கேள்வியை நான் நவ்ஃபரிடம் கேட்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் என் முதல் கந்தோரில் பக்கத்து மேசைக்காரன் அவன், மாளிகாவத்தையிலிருந்து றாக்கெட்டோடு பஸ் ஏறி வருவான். கந்தோருக்குப் பின்னால் வெடித்த சீமெந்துத் தரை ஒன்று, நடுவில் தொய்ந்த வலை. ஐந்து மணிக்கு வேலை விட்டதும் அங்கேதான் ஆடுவோம். மழை நாட்களில் பந்தில் ஈரக் கம்பளி வாசம் அடிக்கும். இன்றைக்கும் நனைந்த கம்பளியை முகர்ந்தால் எனக்கு ஐந்து மணி ஆகிவிடும்.

"அதெல்லாம் கேக்கப்படாது மச்சான். மூணு பொயின்ட் எடுத்தா நாப்பது, நாலாவது எடுத்தா கேம் ஒனக்கு. ரெண்டு பேரும் நாப்பதுல நிண்டா டியூஸ். பொறகு அடுத்தடுத்து ரெண்டு எடுக்கோணும். ஒண்ட எடுத்து மத்தத உட்டா, திரும்பவும் டியூஸ்."

"அப்ப முடியவே முடியாதோ?"

"முடியாமலும் போகும்."

ஆறு மணிக்கு வாட்சர் கேட்டைப் பூட்டிவிடுவார். அதனால் எங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நின்ற இடத்து ஸ்கோரைக் கூரைத் தாழ்வாரத்துச் சுவரில் சோக்கால் எழுதிவிட்டு, அடுத்த நாள் அதிலிருந்தே தொடங்குவோம்.

நவ்ஃபர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதற்கு முதல் நாளும் ஆடினோம். அவனில்லாத கொழும்பை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. நாற்பதுக்கு நாற்பது. அடுத்த பொயின்ட் எனக்கு. இன்னும் ஒன்று எடுத்தால் கேம் முடிந்துவிடும். சேர்வ் இரண்டையும் வலையில் அடித்தேன். எனக்கு அது புதிதில்லை, ஆனால் அன்று வேண்டுமென்றே அடித்தேன். திரும்பவும் டியூஸ். பிறகு அவன் முந்தினான். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய பந்தை மதிலுக்கு மேலால் அனுப்பினான்.

"வெயில் கண்ணுல பட்டுட்டு" என்றான்.

வெயில் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. அப்படியே மாறி மாறித் தோற்றுக்கொண்டிருந்தோம்.

"மஹத்தயா, கேட்டு வஹனவா" என்று, கேட்டைப் பூட்டப்போவதாகச் சிங்களத்தில் சொல்லி வாட்சர் சாவியைக் குலுக்கினார். நவ்ஃபர் சோக்கை எடுத்து 40–40 என்று பெரிதாக எழுதினான். "வந்து முடிப்பம்" என்றான்.

அவன் வரவில்லை. அங்கிருந்து டெலிபோன் எடுக்கும்போதெல்லாம் அவனுடைய முதல் கேள்வி, "சுவத்துல இருக்கா?" என்பதுதான். இருக்கு என்பேன். சோக் அழிந்தபோதும் சொன்னேன். சுவரையே இடித்து, அந்த இடத்தில் பன்னிரண்டு மாடி பிளட்ஸ் எழும்பி, எங்கள் தரை கார் நிறுத்துமிடமான பிறகும் சொன்னேன்.

போன வருடம் அவனுடைய மகள் டெலிபோன் எடுத்தாள். வாப்பா மௌத்தாகிவிட்டார் என்றாள். அடக்கமும் முடிந்துவிட்டதாம். வைக்கப்போகும்போது கேட்டாள்: "அங்கிள், வாப்பா எழுதின அந்த ஸ்கோர் இன்னமும் இருக்கா?"

"இருக்கு மகள்" என்றேன்.