மெக்கருக்குக் குங்குமம்

லைசென்ஸ் என்பது ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை, மெக்கரைப் பார்த்துக் கொடுப்பது என்றுதான் நான் நம்பியிருந்தேன். வயரில் எங்கேயாவது கசிவு இருக்கிறதா என்று கைப்பிடியைச் சுற்றி அளக்கும் கருவி அது. எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸுக்கு மனுப் போடுகிறவனிடம் சொந்தமாக ஒன்று இருக்க வேண்டும். புதுப்பட்டினத்தில் எங்கள் தொழில்காரர்கள் ஒரே மெக்கரைக் கைமாற்றிக் கைமாற்றி ஆய்வுக்குக் காட்டிக்கொண்டிருந்த காலம். நான் சொந்தமாக வாங்கினேன். ஆயுதபூஜைக்குக் குங்குமம் வைத்தேன். பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை.

மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றுக்கு முழு வயரிங். லைசென்ஸ் வந்தால் வேலை எனக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு என்று அதன் முதலாளி சொல்லியிருந்தார்.

செங்கல்பட்டிலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வந்தார். அலுவலகம் என்று நான் காட்டியது என் வீட்டு முன்னறை. சான்றிதழ்களைப் பார்த்தார். மெக்கரையும் அதன் குங்குமத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

“இந்த வீட்டு லைனையே டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க.”

பயந்தேன் என்று சொல்லமாட்டேன். பயந்திருந்தால் ஓடியிருப்பேன். கழுத்துக்குக் கீழே சப்ளை நின்றுவிட்டது, அவ்வளவுதான். மெயினை அணைத்ததையும் பல்புகளைக் கழற்றியதையும் யாரோ செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வயருக்கு நடுவே அளக்கும்போது ஒரு பல்புகூட மாட்டியிருக்கக் கூடாது. இருந்தால், வயரே கெட்டுப்போனதுபோல முள் ஏறாமல் பூஜ்யத்தில் படுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம்.

சுற்றினேன். பூஜ்யம். கரும்பு ஜூஸ் கடைக்காரர் மாதிரி இன்னும் வேகமாகச் சுற்றினேன். பூஜ்யம்.

என் வயர்மேன், என் வயசுக்காரன், காதருகே குனிந்தான். “மச்சான், இன்னாத்துக்கு இப்டி சுத்திகினு கீற? சாமி ரூம்ல பல்பு அப்டியே கீது பாரு.”

காதில் விழுந்தது. புரியவும் செய்தது. கைதான் நிற்கவில்லை. வாயும் தன்பாட்டுக்குத் திறந்து, கடல் காற்று சார், வயரெல்லாம் ஈரம் பிடித்துவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னது. நான் போட்ட வயரிங் கெட்டுப்போனதற்கு நானே சாட்சி.

அவர் எழுந்து போய், சாமி அறைப் பல்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இப்ப சுத்துங்க.”

முள் நன்றாக ஏறியது. வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. அதைக் குறித்துக்கொண்டார். என்னைப் பற்றியும் ஒரு வரி குறித்துக்கொண்டார்.

மனு திரும்பி வந்தது. விடுதி வேலையைக் கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் செய்தார். லைசென்ஸ் எனக்கு மறு வருஷம் கிடைத்தது.