கன்னடப் படம் என்று சொன்ன பொய்

நேற்று பேரன் கைபேசியில் ஒரு பழைய படத்தை ஓடவிட்டான். தொடக்கப் பாட்டைக் கேட்டதும் பீடிப் புகையும் ஈர மணலும் கலந்த மூக்கண்டப்பள்ளி டூரிங் டாக்கீஸின் வாசனை எங்கிருந்தோ வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசியில், மகளைப் பறிகொடுத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அத்தை, துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு மூன்று மாலை அதே படத்துக்குப் போனாள்; பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்து, படத்துச் சிறுமி தாய் மடியில் தூங்கும் காட்சியை இமைக்காமல் பார்ப்பாள், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடத் தெளிந்த முகத்தோடு வீடு திரும்புவாள்.

நான்காம் நாள் எனக்குச் சலித்துவிட்டது. மாநில எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் தமிழும் கன்னடமும் மாறி மாறி ஓடும் என்பதால் பொய் எளிதாக வந்தது.

"கன்னடப் படம் மாத்திட்டாங்க அத்தை."

"போச்சா? இன்னொரு தரம் அவளப் பாத்திருப்பேன்டா" என்றாள்.

மறுநாள் படப்பெட்டி உண்மையாகவே வேறு ஊருக்குப் போய்விட்டது. அத்தை சாகும்வரை நான் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளவில்லை.

நேற்று அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று தாய் மரத்துப்போன காலை அசைக்காமல் வைத்திருப்பது மூன்றாம் முறைதான் என் கண்ணில் பட்டது. நான்காம் முறை அத்தைக்கு என்ன தெரிந்திருக்குமோ, அதை நான் கெடுத்துவிட்டேன்.